வாசகர் கேள்வி பதில்: கல்லுக்குள்ள ஒரு திசைகாட்டி

போன இதழ்ல தக்காணப் பாறை பத்தி ஒரு பதில்ல, "6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இந்தியா தெற்கே 30 டிகிரி கிட்ட இருந்துச்சு"ன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் மெயிலும் இந்த மாசப் பக்கத்தையே நிரப்பிடுச்சு. அதனால இந்தத் தடவை வேற கேள்வி எதையும் எடுக்கல, எல்லாமே தொல்காந்தம்தான், அதாவது பழைய பாறைக்குள்ள பதிஞ்சிருக்கற காந்தத்தைப் படிக்கறது.

கேள்வி: திருநெல்வேலிலேர்ந்து ஒரு பள்ளி ஆசிரியை. "இந்தியா தெற்கே இருந்ததுன்னு ஒரு கல்லைப் பாத்து எப்படிச் சொல்ல முடியும்? பசங்க கேட்டா எனக்குப் பதில் தெரியல."

டீச்சர், இந்தக் கேள்விய நீங்க உங்க ஊர்லேர்ந்து கேட்டதுதான் எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா இதுக்கான பதில் உங்க ஊர்லயே இருக்கு. திசைகாட்டி ஊசி வடக்கைக் காட்டும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதை மேலேயும் கீழேயும் ஆட விட்டா அது சாயவும் செய்யும்ங்கறது பல பேருக்குத் தெரியாது. திருநெல்வேலி பக்கம் ஊசி கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும், ஏன்னா காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாதான் போகுது, இந்தியப் புவிகாந்த நிறுவனம் அங்க ஒரு ஆய்வுக்கூடம் வச்சதுக்கும் அதுதான் காரணம். அப்படியே வடக்கே போகப் போக ஊசியோட வட முனை கீழ்ப்பக்கம் சாயும். டெல்லி போனா 40 டிகிரிக்கு மேல சாஞ்சிருக்கும். காந்த துருவத்துல நட்டமா நிக்கும். தென் அரைக்கோளத்துல அப்படியே தலைகீழ், வட முனை மேல பாக்கும்.

இதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. சாய்வுக் கோணத்தோட டேன் மதிப்பு, அட்சரேகையோட டேன் மதிப்பு மாதிரி ரெண்டு மடங்கு. அவ்வளவுதான். எரிமலைக் குழம்பு ஆறும்போது அதுக்குள்ள இருக்கற மேக்னடைட் துகள்கள் அந்த நேரத்து காந்தப்புலத்தோட திசையை அப்படியே பிடிச்சு வச்சுக்கும். மகாராஷ்டிராவுல இருக்கற தக்காண லாவா அடுக்குகள்ல மேல உள்ள ஓட்டங்கள அளந்தா காந்தம் வடமேற்கைப் பாத்து, ஏறத்தாழ 45லேர்ந்து 50 டிகிரி வரைக்கும் *மேல* பாக்குது. இன்னைக்கு அதே இடத்துல ஊசி வைச்சா கீழ பாக்கும். மேல பாக்குதுன்னா தெற்கு அரைக்கோளம், 49 டிகிரி சாய்வுன்னா டேன் 1.15, அதுல பாதி 0.575, அதுக்கு கோணம் 30 டிகிரி. பத்தாம் வகுப்பு பசங்களுக்கு போர்டுல போட்டுக் காட்டலாம். வடக்கைப் பாக்காம வடமேற்கைப் பாக்குதே, அதுக்குக் காரணம் இந்தியா வரும்போதே கொஞ்சம் இடப்பக்கமா திரும்பிக்கிட்டே வந்துச்சு. 30 டிகிரி தெற்குலேர்ந்து இப்ப இருக்கற 19 டிகிரி வடக்கு வரைக்கும் சுமார் 5,400 கிலோமீட்டர், சராசரியா வருஷத்துக்கு 8 சென்டிமீட்டர். சராசரின்னு சொல்றேன், ஏன்னா ஆரம்பத்துல இதை விட ரொம்ப வேகம், ஆசியா மேல முட்டினதுக்கப்பறம்தான் குறைஞ்சது.

கேள்வி: சேலத்துலேர்ந்து ஒருத்தர். "என் போன்ல இருக்கற போட்டோவே அஞ்சு வருஷத்துல அழிஞ்சு போகுது, கல்லு எப்படி கோடி வருஷம் ஞாபகம் வச்சுக்கும்?"

துகளோட சைஸ்தான் விஷயம். 1949ல லூயி நீல்ங்கற பிரெஞ்சு இயற்பியலாளர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார், பின்னால 1970ல நோபல் பரிசும் வாங்கினார். ரொம்பப் பொடிசான துகள், ஒரு மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு மாதிரி, அது முழுசா ஒரே காந்தமா இருக்கும். சாதாரண வெப்பத்துல அது திசை மாற ஆகற நேரம் பூமியோட வயசை விட அதிகமா இருக்கலாம், ஆனா சூடு ஏத்த ஏத்த அந்த நேரம் படுவேகமா குறையும், மேக்னடைட்டுக்கு 580 டிகிரி, ஹெமடைட்டுக்கு 680 டிகிரி கிட்ட போனா காந்தமே இல்லாம போயிடும். அதாவது கல்லு ஞாபகத்தை இழக்கறது நேரத்தால மட்டும் இல்ல, சூட்டாலயும்தான். இதைப் பிடிச்சுக்கங்க, அடுத்த பதிலுக்கு வேணும்.

கேள்வி: எம்எஸ்சி புவியியல் படிக்கற ஒரு மாணவி, திருச்சி. "என் புராஜெக்ட் தென்னிந்தியாவோட பழைய பாறைகள்ல வந்த தொல்காந்த டேட்டாவை எல்லாம் தொகுக்கறது. நாப்பது பேப்பர் எடுத்துட்டேன். ஒரே பாறைக்கு நாலு பேர் நாலு துருவம் சொல்றாங்க. எதை வைக்கறது, எதைத் தூக்கிப் போடறது? ஆல்ஃபா 95 சின்னதா இருக்கறதை வச்சுக்கோன்னு சீனியர் சொல்றாங்க."

உன் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்துல பாதியை ஒதுக்கப் போறேன்மா, ஏன்னா நான் இதே வேலைய பண்ணி அடி வாங்கினவன்.

துருவம்னு இங்க சொல்றது, பாறைல பதிஞ்ச திசையை வச்சு அன்னைக்கு காந்த துருவம் எங்க இருந்துச்சுன்னு போடற கணக்கு. முதல்ல சீனியர் சொன்னதைப் பாக்கலாம். ஆல்ஃபா 95ங்கறது சராசரித் திசையைச் சுத்தி நாம போடற நம்பிக்கை வட்டம். 1953ல ரொனால்ட் ஃபிஷர் கோளத்து மேல சிதறிக் கிடக்கற திசைகளுக்குன்னே ஒரு புள்ளியியல் எழுதினார், ஐஸ்லாந்து லாவா டேட்டாவ உதாரணமா வச்சு, அதுலேர்ந்து வந்தது இது. வட்டம் சின்னதா இருந்தா அளவுகள் எல்லாம் ஒண்ணா சேர்ந்து நிக்குதுன்னு அர்த்தம், அவ்வளவே. அது *சரியான* இடத்துல நிக்குதான்னு அந்த எண் சொல்லாது. யோசிச்சுப் பாரு, 200 கோடி வருஷப் பாறை, 50 கோடி வருஷத்துக்கு முன்னாடி மலை உருவானப்ப மொத்தமா சூடாகி காந்தம் மாறிடுச்சுன்னா என்ன ஆகும்? எல்லா சாம்பிளும் ஒரே திசைய அழகா காட்டும். ஆல்ஃபா 95 மூணு டிகிரி வரும். பேப்பர்ல பாக்க ரொம்ப நேர்த்தியா இருக்கும், ஆனா அது 50 கோடி வருஷத்து துருவம். பூமியோட காந்தப்புலமே எப்பவும் கொஞ்சம் அலைஞ்சுக்கிட்டுதான் இருக்கும், அதனால நிஜமான எரிமலைத் தொடர்ல ஒரு அளவு சிதறல் இருந்தே ஆகணும். ரொம்பக் கம்மியா சிதறினா அதுவும் சந்தேகம்தான்.

அதனால நான் ஒரு பேப்பரை எடுத்தா முதல்ல எண்ணைப் பாக்க மாட்டேன், காந்தம் எப்ப பதிஞ்சதுன்னு களத்துலயே பாக்கற ஃபீல்ட் டெஸ்ட் இருக்கான்னு பாப்பேன். ஜான் கிரஹாம் 1949லேயே ரெண்டு டெஸ்ட் எழுதிட்டார். ஒண்ணு மடிப்புச் சோதனை: அடுக்கு மடிஞ்சிருந்தா, மடிப்பை கணக்குல நிமித்திப் பாக்கும்போது திசைகள் ஒண்ணு சேர்ந்தா காந்தம் மடிப்புக்கு முந்தினது, விலகிப் போனா பிந்தினது. இன்னொண்ணு கூழாங்கல் சோதனை: பழைய பாறை உடைஞ்சு உருண்டு கூழாங்கல்லா வேற ஒரு பாறைக்குள்ள சிக்கியிருந்தா, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் பாக்கணும், எல்லாம் ஒரே பக்கம் பாத்தா பின்னால ஏதோ வந்து மொத்தத்தையும் மாத்திடுச்சு. உன் வேலைக்கு இதை விட முக்கியமானது சுட்ட எல்லைச் சோதனை, ஏன்னா தென்னிந்தியாவுல நீ எடுக்கறதுல பெரும்பகுதி டைக், அதாவது பழைய பாறையோட வெடிப்புல குழம்பு ஏறி சுவர் மாதிரி உறைஞ்ச பாறைகளாத்தான் இருக்கும். டைக் உள்ள ஏறும்போது பக்கத்துல இருக்கற பழைய நைஸ் பாறையைச் சுடும். டைக்கும் சுட்ட ஓரமும் ஒரே திசை, தள்ளிப் போனா நைஸ்ல வேற திசைன்னு வந்தா நீ நிம்மதியா தூங்கலாம். மூணுமே ஒரே திசைன்னா அந்தத் துருவத்துக்குப் பக்கத்துல ஒரு சிவப்புப் புள்ளி வை.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு பேப்பர்ல 120 சாம்பிள்னு இருக்கும், அசந்து போயிடாத. அந்த 120 எத்தனை லாவா ஓட்டத்துலேர்ந்து எடுத்ததுன்னு பாரு. ஒரு ஓட்டம் சில நாள்லயோ சில வருஷத்துலயோ ஆறிடும், அதுல முப்பது கோர் (துளைச்சு எடுக்கற உருளைத் துண்டு) எடுத்தாலும் அது பூமியோட காந்தத்தை ஒரே ஒரு தடவை போட்டோ எடுத்த மாதிரிதான். ஆறு ஓட்டம்னா ஆறு ஓட்டு, 120 இல்ல. தக்காணத்துல இது இன்னும் சிக்கல், அடுத்தடுத்த ஓட்டங்கள் சில நேரம் சடசடன்னு வந்து கொட்டியிருக்கு, நாலஞ்சு ஓட்டத்துக்கும் ஒரே திசை, அதையெல்லாம் ஒரே குழுவாத்தான் எண்ணணும். பல்லாயிரம் வருஷத்தோட சராசரி வந்தாத்தான் அது துருவம், இல்லன்னா அந்த நேரத்து நிலை மட்டும்தான். பேப்பர்ல ரெண்டையும் ஒரே மாதிரி எழுதியிருப்பாங்க, நீதான் பிரிக்கணும்.

அப்புறம் காந்தத்தை எப்படி உரிச்சாங்கன்னு பாரு. உரிக்கறதுன்னுதான் நான் சொல்லுவேன், வெங்காயம் மாதிரி. மேல இருக்கறது இன்னைய காந்தப்புலம் படிஞ்ச தோல், பல பாறைல 200, 300 டிகிரி சூட்டுலயே போயிடும், உள்ள இருக்கறதுதான் நமக்கு வேணும். 1950கள்ல பல பேர் உரிக்காமயே அளந்தாங்க, 60கள்ல எல்லாத்துக்கும் ஒரே சூடு குடுத்து அளந்தாங்க. படிப்படியா சூடேத்தி, ஒவ்வொரு படிக்கும் அளந்து, ஒவ்வொரு படிலயும் திசையும் பலமும் எப்படி மாறுதுன்னு காட்டற ஜெய்டர்வெல்ட் வரைபடம் போட்டு, கிர்ஷ்விங்க் 1980ல குடுத்த முறைல கோடு பொருத்தறதுங்கறது பின்னால வந்த பழக்கம். பழைய டேட்டாவை அழிக்காத. அட்டவணைல ஒரு நெடுவரிசை போட்டு "உரிக்கல", "ஒரே படி", "முழுசா"ன்னு குறிச்சு வை. பழைய ஆளுங்க போன இடத்துல இன்னைக்கு குவாரியும் வீடும் வந்திருக்கும், அந்த சாம்பிள திரும்ப எடுக்க முடியாம போகலாம்.

வயசு விஷயத்துல ரொம்பக் கறாரா இரு. பழைய பேப்பர்ல பொட்டாசியம் ஆர்கான் வயசு இருக்கும், பாறை பின்னால சூடாயிருந்தா அந்த வயசு கீழ இறங்கிடும். பெங்களூரைச் சுத்தி தார்வார் பகுதில இருக்கற கிழக்கு மேற்கு டைக்குகளை எடுத்துக்கோ. பேடலைட்ங்கற கனிமத்துல யுரேனியம் ஈய முறைல வயசு பாத்தப்ப சுமார் 236 கோடி, 237 கோடி வருஷம்னு துல்லியமா வந்துச்சு, ஹால்ஸும் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தோட (என்ஜிஆர்ஐ) அனில் குமாரும் கூட்டாளிகளும் 2007ல போட்ட பேப்பர் அது. அந்த டைக்குகள்ல காந்தம் ரொம்பச் செங்குத்தா நிக்குது, அப்படின்னா அன்னைக்கு நம்ம நிலம் துருவத்துக்குப் பக்கத்துல. வயசு உறுதியா இல்லன்னா அந்தத் திசை வெறும் திசைதான், எந்த மேப்லயும் வைக்க முடியாது.

ஒரு துருவத்தை எவ்வளவு நம்பலாம்னு பாக்க வான் டெர் வூ 1990ல ஏழு அளவுகோல் குடுத்தார், 2020ல மீர்ட்டும் மத்தவங்களும் அதைப் புதுப்பிச்சாங்க. ஏழுக்கு எத்தனைன்னு மார்க் போடுவாங்க. நீயும் போடு, ஆனா மொத்தத்தை வச்சு முடிவெடுக்காத, எந்த மார்க் போச்சுன்னு பாரு. வயசும் இல்ல, ஃபீல்ட் டெஸ்டும் இல்லன்னா ஏழுக்கு அஞ்சு வாங்கினாலும் எனக்கு வேண்டாம். ஆறு ஓட்டம்தான் இருக்கு, ஆனா வயசு கச்சிதம், சுட்ட எல்லைச் சோதனை பாஸ்னா நான் அதை வச்சுக்குவேன். ஏழாவது அளவுகோல், பின்னால வந்த துருவங்களோட ஒத்துப் போகக் கூடாதுங்கறது, இந்தியாவுக்கு ரொம்ப அவசியம். உன் பழைய துருவம் எதாவது 50 கோடி வருஷத்து துருவத்து மேலயோ தக்காணத் துருவத்து மேலயோ போய் உக்காந்தா நின்னு யோசி.

கடைசியா என் சொந்த அனுபவம். பல வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு தொகுப்புலேர்ந்து தொகுப்பு பண்ணினேன், மூலப் பேப்பரைத் தேடல, நேரமில்லன்னு. அந்தத் தொகுப்புல ஒரு வரிசைல அடுக்கு நிமித்தறதுக்கு முந்தின திசையும் பிந்தின திசையும் இடம் மாறியிருந்துச்சு. என் அட்டவணைக்கும் அது வந்துச்சு, என் அட்டவணையை வச்சு இன்னொருத்தர் மேப் போட்டார். மூணு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, மறுநாள் அவருக்கு எழுதிச் சொன்னேன். அதனால ஒவ்வொரு வரிக்கும் மூலப் பேப்பரோட பக்க எண் வரைக்கும் எழுது. இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகை, எத்தனை தளம் எத்தனை சாம்பிள், நிமித்தினதா இல்லையா, இதெல்லாம் தனித்தனி நெடுவரிசை. துருவத்தை அவங்க சொன்ன திசைலேர்ந்து நீயே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாரு, அச்சுப் பிழை பாதி அங்கயே மாட்டிடும். முடிஞ்சா மேஜிக் (MagIC)ங்கற தொல்காந்த டேட்டாபேஸ்ல ஏத்து, அங்க ஒவ்வொரு படியோட அளவையும் வைக்க இடம் இருக்கு, சராசரிய மட்டும் இல்ல. உன் அட்டவணை முடிஞ்சதும் எனக்கு அனுப்பு, நான் உக்காந்து ஒவ்வொரு வரியா பாத்துத் தரேன்.

கேள்வி: கிருஷ்ணகிரிலேர்ந்து ஒருத்தர். "எங்க பக்கத்து குவாரில பிளாக் கிரானைட் வெட்டறாங்க. ஒரு துண்டு அனுப்பினா அளந்து சொல்வீங்களா?"

அன்புக்கு நன்றிங்க, ஆனா அனுப்பாதீங்க. நீங்க பிளாக் கிரானைட்னு சொல்றது நிஜத்துல கிரானைட் இல்ல, டோலரைட் டைக், நான் மேல சொன்ன மாதிரிப் பாறை, காந்த ஆய்வுக்கு அருமையானது. ஆனா இடத்தை விட்டுக் கிளம்பின கல்லுக்கு திசை போயிடுச்சு. அது எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சுன்னு தெரியாத வரைக்கும் உள்ள இருக்கற அம்பு எங்க காட்டினா நமக்கு என்ன? காந்தப்புலம் எவ்வளவு பலமா இருந்துச்சுன்னு பாக்க மட்டும் அந்தத் துண்டு உதவும்.

நாங்க என்ன பண்ணுவோம்னா, பெட்ரோல் எஞ்சின்ல வைரப் பல் வச்ச டிரில்லை மாட்டி, தண்ணி விட்டுக்கிட்டே ஒரு அங்குலக் குறுக்களவுல கோர் எடுப்போம். உடைக்கறதுக்கு முன்னாடியே அதுக்குள்ள ஒரு குழாயை இறக்கி, பித்தளைக் கம்பியால கோர் மேல கோடு கிழிச்சு, சாய்வையும் திசையையும் எழுதிக்குவோம். பாறையே காந்தமா இருந்தா சாதாரண திசைகாட்டி பொய் சொல்லும், அதனால சூரியத் திசைகாட்டி, நிழலையும் மணியையும் வச்சு. நம்ம ஊர்ல ஏப்ரல்லயும் ஆகஸ்ட்லயும் உச்சி வெயில்ல நிழலே விழாது, காலைலயும் சாயந்திரமும்தான் அந்த வேலை நடக்கும். குவாரில வெட்டின புது முகம் எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா குன்று உச்சில இருக்கற பாறைல இடி விழுந்து காந்தம் கெட்டுப் போயிருக்கும். உங்க குவாரில இன்னும் வெட்டாத டைக்கும் பக்கத்துல வெள்ளை நைஸும் சேர்ற ஓரம் இருந்தா ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க, அதுதான் எனக்குத் தங்கம்.

கேள்வி: மதுரைலேர்ந்து ஒருத்தர். "இவ்வளவு தப்பு வர வாய்ப்பு இருக்குன்னா கண்டம் நகர்ந்துச்சுங்கறதையே ஏன் நம்பணும்?"

நியாயமான கேள்விங்க. 1950களோட ஆரம்பத்துல பெரிய பெரிய புவியியலாளர்களே இதைத்தான் கேட்டாங்க. கேம்பிரிட்ஜ்ல எட்வர்ட் இர்விங்ங்கற மாணவர், இந்தியாவிலேர்ந்து வரவழைச்ச தக்காணக் கற்களை அளந்து, இந்தியா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே வந்திருக்குன்னு பாத்தார். 1954ல அவரோட பிஎச்டி ஆய்வேட்டை நிராகரிச்சுட்டாங்க. அவர் ஆஸ்திரேலியா போய் அங்க வேலையத் தொடர்ந்தார். அதே காலத்துல மான்செஸ்டர்ல பிளாக்கெட், நோபல் வாங்கினவர், சுத்தற எந்தப் பொருளும் காந்தமாகும்னு ஒரு கொள்கையச் சோதிக்க 15 கிலோ தங்க உருளையை வச்சு ஒரு நுண்ணிய காந்தமானி கட்டினார். கொள்கை தோத்துப் போச்சு, கருவி மட்டும் மிஞ்சுச்சு, அந்த மாதிரிக் கருவியால பாறைகளை அளக்க ஆரம்பிச்சாங்க. கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் 1956ல தக்காணப் பாறைகளை அளந்து அதே பதிலைச் சொன்னாங்க. அப்புறம் மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்துல ராதாகிருஷ்ணமூர்த்தியும் சகஸ்ரபுத்தேயும் டாய்ச்சோட சேர்ந்து இன்னும் நிறைய அளந்தாங்க.

உரிக்காத டேட்டா, கம்மி சாம்பிள், ஆனாலும் பெரிய படம் சரியா வந்துச்சு. ஏன்னா கீழ் அடுக்குல காந்தம் தென்கிழக்கைப் பாத்து கீழ, மேல் அடுக்குல வடமேற்கைப் பாத்து மேல, நேர் எதிர். பூமியோட காந்தம் தலைகீழா மாறினதை ரெண்டு பக்கமும் பதிவு பண்ணியிருக்கு. பின்னால வந்த எந்தச் சூடும் ரெண்டு எதிரெதிர் திசைய இப்படி ஜோடியா படிய வைக்காது. அப்புறம் கடல் தரைல நேராவும் தலைகீழாவும் மாறி மாறிப் பதிஞ்சிருக்கற காந்த வரிகள் தனியா வந்து அதையே சொல்லுச்சு. இன்னைக்கு ஜிபிஎஸ் வச்சு அளந்தா இந்தியா இப்பவும் வருஷத்துக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே போய்க்கிட்டுதான் இருக்கு.

கேள்வி: கொழும்புலேர்ந்து ஒருவர். "எவ்வளவு தூரம் பின்னால போக முடியும்?"

தென்னாப்பிரிக்காவோட பார்பர்டன் பகுதில 345 கோடி வருஷப் பாறைல காந்தம் கிடைச்சிருக்கு. அதுக்கும் முன்னாடி, ஆஸ்திரேலியாவுல ஜாக் ஹில்ஸ் ஜிர்கான் மணிகள்ல 400 கோடிக்கு மேலன்னு ஒரு குழு சொல்லுது, அந்தக் காந்தம் பின்னால வந்து படிஞ்சதுன்னு இன்னொரு குழு மறுக்குது. நான் மறுக்கறவங்க பக்கம். ரொம்பப் பழைய பாறைல ரெண்டு குறை இருக்குங்க. தீர்க்கரேகை தெரியவே தெரியாது, அட்சரேகை மட்டும்தான். வடக்கு அரைக்கோளமா தெற்கான்னும் சொல்ல முடியாது, ஏன்னா அன்னைக்கு காந்தம் நேரா இருந்துச்சா தலைகீழா இருந்துச்சான்னு தெரியாது. தக்காணம் மாதிரி இளசான பாறைன்னா இன்னைலேர்ந்து படிப்படியா பின்னால போய்ப் பிடிச்சுடலாம்.

ஆனாலும் இந்தக் குறையோடயே பெரிய விஷயங்கள் கிடைச்சிருக்கு. தென் ஆஸ்திரேலியாவோட எலட்டினா பாறை பனியாறு விட்டுட்டுப் போன படிவு, சுமார் 63 கோடி வருஷம் பழசு. அதுல காந்தம் கிட்டத்தட்ட படுத்துக் கிடக்குது, அப்படின்னா பூமத்திய ரேகை பக்கத்துல பனியாறு. சேறு ஈரமா இருக்கும்போதே மடிஞ்ச சின்ன மடிப்புகள்ல மடிப்புச் சோதனை பண்ணிப் பாத்தாங்க, காந்தம் அதுக்கும் முந்தினது. பூமி முழுக்க பனிப்பந்தா இருந்திருக்கலாம்ங்கற யோசனைக்கு 1992ல கிர்ஷ்விங்க் பேர் வச்சார், அதுக்கு அடித்தளம் இந்த மாதிரி டேட்டாதான்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில். "காந்தம் தலைகீழா மாறுமாமே, நான் உயிரோட இருக்கும்போது நடக்குமா?"

நடக்காது தம்பி. கடைசியா மாறினது சுமார் 7 லட்சத்து 73 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, மாறி முடிக்கவே ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். தலைகீழான பாறையை பிரான்ஸ்ல புருன்ஹெஸ் 1906ல எழுதினார், ஜப்பான்ல மட்டுயாமா 1929ல எழுதினார், அதனாலதான் அந்த மாற்றத்துக்கு அவங்க ரெண்டு பேர் பேரையும் சேர்த்து வச்சிருக்காங்க.

ஆனா நீ இப்பவே ஒரு வேலை பண்ணலாம். ஒரு தையல் ஊசியை நடுவுல நூல் கட்டி, துல்லியமா படுத்து நிக்கற மாதிரி முதல்ல தொங்க விடு. அப்புறம் நூலை நகத்தாம, ஊசியை காந்தத்துல ஒரே பக்கமா முப்பது தடவை தேச்சுட்டுத் திரும்பத் தொங்க விடு. உன் ஊர்ல ஏறக்குறைய அப்படியே படுத்து நிக்கும். வடக்கே எங்கயாவது போனா அதே ஊசியை எடுத்துட்டுப் போ, டெல்லில அது எவ்வளவு சாயுதுன்னு கோணமானி வச்சு அளந்து எனக்கு எழுது.